முதுகெலும்பின் பின்கட்டு

இடுப்புப் பகுதியில் முள்ளெலும்புகள் ஐந்து. அடுக்கி வைத்ததுபோல் நிற்கும் இவற்றில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகள் மூன்று இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. முன்புறம் இருப்பது மெத்தை போன்ற டிஸ்க். பின்புறம், நரம்புகள் இறங்கும் குழாய்க்கு அப்பால், இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாக இரண்டு சிறு மூட்டுகள் இருக்கின்றன. இவற்றை ஃபேசட் மூட்டுகள் என்கிறார்கள். ரத்தினத்தைப் பட்டை தீட்டும்போது உண்டாகும் சிறு முகத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மேல் எலும்பிலிருந்து கீழே இறங்கும் முளையும் கீழ் எலும்பிலிருந்து மேலே எழும் முளையும் அப்படிப்பட்ட வழவழப்பான முகங்களால் பொருந்தியிருக்கின்றன. முழங்காலில் உள்ளவை எல்லாம் இங்கும் உண்டு: குருத்தெலும்புப் பூச்சு, மூட்டைச் சுற்றிய உறை, உள்ளே வழுக்கும் நீர். குனியவும் நிமிரவும் இம்மூட்டுகள் இடம் கொடுக்கின்றன. இடுப்பு அளவுக்கு மீறி முறுகாமலும் மேல் எலும்பு முன்னால் சரியாமலும் தடுக்கின்றன.

முழங்கால் தேய்வதுபோல் இவையும் தேய்கின்றன. பெரும்பாலும் தொடக்கம் முன்கட்டில்தான். டிஸ்க் நீர் வற்றி உயரம் குறையும்போது பாரம் பின்கட்டுக்கு மாறுகிறது. நிமிர்ந்து நிற்கும்போது முள்ளெலும்புகளை அழுத்தும் விசையில் சுமார் 16 சதவீதத்தை ஃபேசட் மூட்டுகள் தாங்குவதாக ஆடம்ஸ், ஹட்டன் என்ற ஆய்வாளர்கள் 1980இல் அளந்து சொன்னார்கள். டிஸ்க் ஒடுங்கிய முதுகில் அந்தப் பங்கு பல மடங்காகும் என்பதும் அவர்களுடைய கணக்கு. பாரம் ஏற ஏறக் குருத்தெலும்பு மெலிகிறது, எலும்பு ஓரங்களில் முள் வளர்கிறது, உறை தடிக்கிறது. நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலான மூட்டில் இது மிகுதி. இத்தனையும் தடித்த முதுகுத் தசைகளுக்கு அடியில், கைக்கு எட்டாத ஆழத்தில் நடக்கிறது. முழங்காலைப்போல் தொட்டுப் பார்த்து வீக்கம் அறிய வழியில்லை. இந்த மூட்டின் மருத்துவ வரலாறு முழுவதும் இந்த மறைவிலிருந்து பிறந்ததுதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைக்கும் கருவி ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்றாக வந்தது. கருவி காட்டியதையே வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் கூடவே வந்தது.

தேய்மானம் மனிதகுலத்துக்குப் புதிதல்ல. 1908இல் பிரான்சின் லா ஷபேல்-ஓ-சான் என்ற ஊரின் குகையில் நியாண்டர்தால் ஆண் ஒருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. மார்செல்லாங் பூல் என்ற ஆய்வாளர் அதைக் கொண்டு நியாண்டர்தால் மனிதனைக் கூனிக் குறுகி நடந்தவனாக உருவகித்தார். அந்த உருவமே பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது. 1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் எலும்புகளை மறுபடி பார்த்தபோது அந்த மனிதனின் முதுகெலும்பில் கடுமையான மூட்டுத் தேய்மானம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரு முதியவரின் மூட்டுநோயை ஓர் இனத்தின் நடையாகவே படித்துவிட்டார்கள். எலும்பைப் பார்த்து வாழ்க்கையை ஊகிப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதுகுவலியைச் சோதித்து அறியும் முயற்சிக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று எகிப்தில் இருக்கிறது. எட்வின் ஸ்மித் என்பவர் 1862இல் லக்சரில் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருளை ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் 1930இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். சுமார் கி.மு. 1600ஐச் சேர்ந்த அச்சுருளில் 48 நோயாளிகளின் விவரம் உண்டு. நாற்பத்தெட்டாவது ஆள் முதுகெலும்பில் சுளுக்குக் கண்டவன். கால்களை நீட்டவும் மடக்கவும் மருத்துவர் சொல்கிறார். நீட்டிய உடனே வலி தாங்காமல் அவன் மடக்கிக்கொள்கிறான். அசைவின் மூலம் வலியைத் தேடும் இந்த முறை இன்றைய சோதனை அறைக்கும் அந்நியமானதல்ல. மருந்து சொல்லும் இடத்தில் எழுதியவரின் கை நின்றுவிட்டது; சுருள் பாதி வாக்கியத்தோடு முடிகிறது.

அதன் பிறகு நெடுங்காலம் இடுப்பு வலியும் காலுக்கு இறங்கும் வலியும் ஒரே பெயரில் கலந்து கிடந்தன. கிரேக்கர்களின் 'இஸ்கியாஸ்' என்ற சொல்லில் இடுப்பு மூட்டு நோய், நரம்பு வலி, வாதம் எல்லாம் அடக்கம். இவற்றைப் பிரித்துப் பேசத் துணிந்தவர் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமெனிகோ கொடுன்யோ. 1764இல் வெளிவந்த அவருடைய நூல், மூட்டிலிருந்து வரும் வலி வேறு, நரம்பிலிருந்து வரும் வலி வேறு என்று வகுத்தது. நரம்பு வலிக்கான சோதனை வருவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மல்லாந்து படுத்திருப்பவரின் காலை முழங்கால் மடங்காமல் மேலே தூக்கினால் நரம்பு இழுபட்டு வலிக்கும் என்பதை பெல்கிரேடின் லாசா லாசரெவிச் 1880இல் எழுதினார். செர்பிய மொழியின் பெயர்பெற்ற சிறுகதையாசிரியரும் அவரே. மறு ஆண்டு பாரிசில், பேராசிரியர் லசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட் தம் ஆய்வேட்டில் அதே சோதனையை ஆசிரியரின் பெயரால் குறித்தார். உலகம் இன்றும் லசேக் சோதனை என்றே சொல்கிறது. இச்சோதனையால் நரம்புக்கு ஓர் அடையாளம் கிடைத்தது. மூட்டுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

இதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு எண்ணங்கள் வேரூன்றின. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் 1866இல் ரயில் விபத்தில் சிக்கியவர்களின் முதுகுக் கோளாறுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'ரயில்வே முதுகு' என்ற பெயர் மருத்துவத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போனது. முதுகுவலி என்றால் ஏதோ அடிபட்டிருக்க வேண்டும் என்ற நினைப்பு இந்த நட்டஈட்டு வழக்குகளின் வழியே பரவியது. அதற்குமுன் அது வாதத்தின் ஒரு வகையாகவே கருதப்பட்டுவந்தது. லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) நோயுற்ற மூட்டுக்கு இடைவிடாத நீண்ட ஓய்வே மருந்து என்று போதித்தார். காசநோய் அரிக்கும் மூட்டுக்கு அன்று வேறு சிகிச்சை இல்லாததால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ஓய்வு சாதாரண இடுப்பு வலிக்கும் நீண்டு, வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தும் வழக்கமாகி, நூறு ஆண்டுகள் பெரிதாகக் கேள்விக்கு உள்ளாகாமல் நடந்தது. படுத்துக் கிடந்ததாலேயே எத்தனை முதுகுகள் வலுவிழந்தன என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

1895இல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்ததும் எலும்பு முதல்முறையாக உயிருள்ளவர் உடலில் காட்சி தந்தது. பாஸ்டன் எலும்பு மருத்துவர் ஜோயல் கோல்ட்வெயிட் 1905இல் இடுப்புக் கூட்டின் சேக்ரோ-இலியாக் மூட்டே வலிக்குக் காரணம் என்று எழுதினார். ஆறே ஆண்டுகளில், 1911இல், முதுகெலும்பு இடுப்புக் கூட்டோடு சேருமிடத்தைப் பற்றிய கட்டுரையில் பார்வையை மேலே உயர்த்தினார். அங்குள்ள ஃபேசட் மூட்டுகள் இடமும் வலமும் ஒரே வடிவில் அமையாதவர்கள் பலர் என்றும், கோணலான மூட்டு முறுகும்போது இடுப்பு வலியும் கால் வலியும் வரும் என்றும் அதில் வாதிட்டார். முதுகைக் கையால் சரிசெய்த பிறகு கால்கள் செயலிழந்த ஒரு நோயாளியின் கதையும் அக்கட்டுரையில் வருகிறது. அவருக்கு அறுவை செய்தவர் புகழ்பெற்ற நரம்பு அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். கட்டி எதுவும் காணாமல் குழாய் ஒடுங்கியிருப்பதை மட்டும் கண்ட அந்த அறுவையிலிருந்து, டிஸ்க் பின்னால் பிதுங்கியிருக்கலாம் என்ற ஊகத்தையும் கோல்ட்வெயிட் எழுதிவைத்தார். பின்னாளில் பிரிந்து நின்று வாதிட்ட இரு தரப்புக்கும் அந்த ஒரே கட்டுரை தாய்வீடு.

ஃபேசட் மூட்டை மேடையேற்றியவர் என்று சொல்லத் தகுந்தவர் பொலோன்யா நகரத்து விட்டோரியோ புட்டி. ரிசோலி எலும்பு மருத்துவ நிலையத்தின் தலைவரான அவர், 1927இல் லான்செட் இதழில், காலுக்கு இறங்கும் வலிக்கு வேரே இந்த மூட்டுகளின் பிறவிக் கோணலும் அழற்சியும்தான் என்று நிறுவ முயன்றார். வீங்கிய மூட்டு பக்கத்தில் வெளியேறும் நரம்பை நெருக்குகிறது என்பது அவர் கூறிய விளக்கம். 1933இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரால்ஃப் கார்ம்லி இதற்கு 'ஃபேசட் சிண்ட்ரோம்' என்று பெயர் சூட்டினார். திடீரென்று இடுப்பை முறுக்கிய பிறகு வரும் வலி, சில வேளை காலுக்கும் பரவுவது என்பன அதன் அடையாளம். அறுவை முறை ஒன்றையும் அவர் முன்வைத்தார்.

பெயர் நிலைபெற ஓராண்டுகூடக் கிடைக்கவில்லை. 1934 ஆகஸ்டில் பாஸ்டனின் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் இருவரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 19 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அதுவரை குருத்தெலும்புக் கட்டி என்று வெட்டி எடுக்கப்பட்டவை உண்மையில் கிழிந்து பிதுங்கிய டிஸ்க் துண்டுகள் என்பது அவர்கள் கண்டது. அறுவைசிகிச்சையில் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் கிடைத்துவிட்டது. எடுத்தால் கால் வலி நிற்கிறது. நோயாளி எழுந்து நடக்கிறார். இதற்குமுன் புட்டியின் நுட்பமான மூட்டுக் கோணங்கள் நிற்க முடியவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் டிஸ்க்கின் ஆட்சி. கால் வலிக்கு அது சரியான விடை. இடுப்போடு நின்றுவிடும் வலிக்கும் அதே விடையைச் சொன்னதுதான் பிழை. டிஸ்க் அகற்றியும் தீராத வலியோடு மறுபடி வந்தவர்களுக்கு முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் அறுவை செய்யப்பட்டது. அந்த முறையை 1911இல் நியூயார்க்கின் ஹிப்ஸும் ஆல்பியும் முதுகெலும்புக் காசநோய்க்காக உருவாக்கியிருந்தார்கள்.

ஒரு குரல் மட்டும் வேறு திசையிலிருந்து வந்தது. லண்டனில் சர் தாமஸ் லூயிஸிடம் பணியாற்றிய இளம் மருத்துவர் ஜோனாஸ் கெல்கிரன் 1930களின் இறுதியில் தன்னார்வலர்களின் தசைகளிலும் முள்ளெலும்பு நார்களிலும் அடர்ந்த உப்புக்கரைசலை ஊசியால் செலுத்தி, வலி எங்கே தோன்றுகிறது என்று வரைபடம் வரைந்தார். முதுகின் ஆழத்தில் குத்தினால் வலி பிட்டத்திலும் தொடையிலும் தெரிந்தது. எந்த நரம்பும் நெருக்கப்படவில்லை. ஆனாலும் வலி கீழே இறங்கியது. நோகும் இடம் ஒன்று, உணரும் இடம் வேறு. அதே கெல்கிரன் பின்னாளில் மான்செஸ்டரில் ஜான் லாரன்ஸுடன் சேர்ந்து 1957இல் மூட்டுத் தேய்மானத்தை எக்ஸ்-கதிர்ப் படத்தில் 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் அளவுகோலை உருவாக்கினார். உலகெங்கும் முழங்கால் படத்தைப் படிப்பவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வலியைப் படத்தால் பிடிக்க முடியாது என்று முதலில் காட்டியவரும் படத்துக்கு மதிப்பெண் போடக் கற்றுக்கொடுத்தவரும் ஒருவரே என்பது இவ்வரலாற்றில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி.

உப்புக்கரைசல் சோதனை ஃபேசட் மூட்டுக்கு வந்து சேர்ந்தது 1963இல். ஸ்வீடனின் கார்ல் ஹிர்ஷ் தம் குழுவினருடன் மூட்டுப் பகுதியில் ஊசி போட்டு இடுப்பு வலியை வரவழைத்தார். 1976இல் வெர்ட் மூனியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும் எக்ஸ்-கதிர்த் திரையில் ஊசியின் நுனியைப் பார்த்தபடியே மூட்டுக்குள் செலுத்தினார்கள். வலி பிட்டம், தொடை, சிலருக்குக் கெண்டைக்கால்வரை ஓடியது. மரத்துப்போகும் மருந்தை அதே இடத்தில் செலுத்தியதும் அடங்கியது. கார்ம்லியின் பெயர் உயிர்பெற்றது. கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிர்கால்டி-வில்லிஸ் 1978இல் டிஸ்க்கையும் இரு ஃபேசட் மூட்டுகளையும் மூன்று கால்களுள்ள ஒரே அமைப்பாகப் பார்க்கச் சொன்னார். முதலில் இயக்கக் கோளாறு, பிறகு தளர்ச்சி, கடைசியில் எலும்பு முள் வளர்ந்து தானாகவே இறுகிவிடும் நிலை என மூன்று கட்டங்களை அவர் விவரித்தார். முதுமையில் பலருக்கு முதுகு விறைத்தாலும் வலி குறைவதை இந்த மூன்றாம் கட்டம் நன்றாகவே விளக்குகிறது.

இதற்கிடையே சிகிச்சையில் ஒரு விசித்திரமான அத்தியாயம் நடந்துவிட்டது. 1971இல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஸ்கிர்ம் ரீஸ், தோல்வழியே நீண்ட மெல்லிய கத்தியைச் செலுத்தி ஃபேசட் மூட்டுகளின் நரம்புகளை வெட்டுவதாகவும், 99.8 சதவீதம் வெற்றி கண்டதாகவும் எழுதினார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி அதைத் தாமும் செய்துபார்த்தார். ரத்தக்கட்டு உண்டாவதைக் கண்டு கத்தியை விட்டுவிட்டு, ரேடியோ அலை மின்சாரத்தால் ஊசிமுனையைச் சூடாக்கி நரம்பைப் பொசுக்கும் முறைக்கு மாறினார். அவருடைய முடிவுகள் 1975இல் வெளிவந்தன. நம்பிக்கை ஊட்டும் எண்கள், ஏராளமான நோயாளிகள், எளிய செய்முறை என எல்லாம் இருந்தன. அந்த நரம்பு சரியாக எங்கே ஓடுகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஆஸ்திரேலியாவின் நிக்கோலாய் போக்டுக். 1970களின் பிற்பகுதியில் அவர் பிண அறையில் பொறுமையாக அந்த இழைகளைப் பின்தொடர்ந்தார். ரீஸின் கத்தி நரம்பை எட்டவே இல்லை, தசையைத்தான் வெட்டியிருந்தது. ஷீலி குறிவைத்த இடத்திலும் பொசுக்கத்தக்க நரம்பு இல்லை. முதுகுத் தண்டிலிருந்து வெளிவரும் நரம்பின் பின்கிளை பிரிந்து, அதன் உட்கிளை முள்ளெலும்பின் பக்கமுளையும் மேல்மூட்டு முளையும் சேரும் பள்ளத்தில் எலும்போடு ஒட்டி ஓடுகிறது. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு உட்கிளைகள் உணர்வூட்டுகின்றன. நான்கு-ஐந்து மூட்டுக்கு மூன்றாவதும் நான்காவதுமான கிளைகள். ஆகவே ஒரு மூட்டை மரக்கச்செய்ய இரண்டு இடங்களில் ஊசி வேண்டும். சூட்டுமுனை அதன் நுனிக்கு முன்னால் அல்லாமல் பக்கவாட்டில்தான் திசுவைப் பொசுக்குகிறது என்பதும் 1987இல் காட்டப்பட்டது. அதனால் ஊசியை நரம்புக்குக் குத்துக்கோட்டில் வைக்காமல் அதனோடு இணையாகக் கிடத்த வேண்டும் என்று முறை மாறியது. பல ஆயிரம் பேருக்குச் செய்து முடித்த பிறகே உடற்கூறியல் படிக்கப்பட்டது என்பது வருந்தத்தக்க உண்மை.

நோயறிதலுக்குக் கிடைத்த ஒரே உறுதியான கருவியும் இந்த உட்கிளைகளே. மரத்துப்போகும் மருந்தில் ஒரு சொட்டு அங்கே போட்டு வலி அடங்கினால் மூட்டு குற்றவாளி. இதிலும் ஒரு பொறி உண்டு. 1994இல் அந்தோனி ஷ்வார்ட்சரின் குழு அடிபட்டு நாட்பட்ட இடுப்பு வலி கொண்ட 176 பேருக்கு முதலில் லிக்னோகெய்ன் செலுத்தியது. 47 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. வேறொரு நாள் அதைவிட நீண்டநேரம் வேலைசெய்யும் பியுபிவகெய்னைச் செலுத்தி உறுதிப்படுத்தியபோது எஞ்சியவர்கள் 15 சதவீதமே. முதல் ஊசியில் குணம் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாம் ஊசி அதை உறுதிசெய்யவில்லை. எந்தப் பக்கம் வளைந்தால் வலிக்கிறது, எங்கே அழுத்தினால் நோகிறது என்ற வழக்கமான கேள்விகள் எவையும் இந்த 15 சதவீதத்தை முன்கூட்டிக் காட்டவில்லை. வயது கூடிய நோயாளிகளைக் கொண்ட ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் 1995இல் இப்பங்கு 40 சதவீதமாக இருந்தது. முதுமையில் இந்த மூட்டு வலிக்குக் கூடுதலாகவே பொறுப்பாகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

படங்கள் இதே காலத்தில் அபாரமாகத் தெளிவடைந்தன. சாய்வாக எடுத்த பழைய எக்ஸ்-கதிர்ப் படத்தில் முள்ளெலும்பு ஒரு சிறு நாய்போலத் தெரியும். அதன் காது மேல்மூட்டு முளை, முன்கால் கீழ்மூட்டு முளை என்று மாணவர்கள் படித்தார்கள். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் மனிதரிடம் முதன்முதலில் பயன்பட்டது. அதன் வளர்ச்சியில் மூட்டின் இடைவெளி, எலும்பு முள், குருத்தெலும்பின் மெலிவு எல்லாம் குறுக்குவெட்டாகக் கிடைத்தன. எம்.ஆர்.ஐ. வந்து டிஸ்க்கையும் நரம்பையும் நீரையும் காட்டியது. 1990இல் ஸ்காட் போடன் வலியே இல்லாத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார், 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்குமேல் கோளாறு தெரிந்தது. அமெரிக்காவின் பிரேமிங்காம் ஊர்மக்களிடம் சி.டி. எடுத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஆண்களில் 59.6 சதவீதத்தினருக்கும் பெண்களில் 66.7 சதவீதத்தினருக்கும் ஃபேசட் தேய்மானம் இருந்தது; இடுப்பு வலிக்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை. 2015இல் வலியற்ற 3110 பேரின் படங்களைத் தொகுத்த ஆய்வு, இருபது வயதில் 4 சதவீதமாக இருக்கும் ஃபேசட் தேய்மானம் ஐம்பதில் 32, அறுபதில் 50, எண்பதில் 83 சதவீதமாக ஏறுவதைக் காட்டியது. தலை நரைப்பதைப் போன்ற ஏற்றம் இது.

ஸ்கேன் அறிக்கை இந்த எண்களைச் சொல்வதில்லை. தேய்மானம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. தமிழ்நாட்டு மருத்துவமனை வராந்தாக்களில் 'எலும்பு தேஞ்சுபோச்சு', 'ஜவ்வு விலகிடுச்சு' என்று கைமாறும் சொற்களில் ஒரு பயமும் கலந்திருக்கிறது. தேய்ந்தது எதுவும் மறுபடி வளராது, அசைத்தால் இன்னும் தேயும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். அசையாமல் இருப்பதே மூட்டைக் கெடுக்கும் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

தேய்மானம் உண்மையிலேயே கெடுதல் செய்யும் நிலையும் உண்டு. தடித்த மூட்டும் தடித்த நாரும் சேர்ந்து நரம்புக் குழாயை ஒடுக்கும்போது, கொஞ்ச தூரம் நடந்ததும் கால்கள் கனத்து மரத்துவிடுகின்றன. உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகின்றன. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்து ஹென்க் வெர்பீஸ்ட் 1954இல் இந்தக் குழாய் ஒடுக்கத்தை விரிவாக எழுதினார். அதுவரை இப்படிப்பட்ட நோயாளிகளில் பலருக்கு ரத்தக்குழாய் அடைப்பு என்றே சொல்லப்பட்டது. மூட்டு தேய்ந்து பிடிமானம் இழந்து, நான்காம் எலும்பு ஐந்தாவதன்மேல் முன்னால் நழுவுவதும் இதே குடும்பம். ஐம்பதைக் கடந்த பெண்களிடம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்படும் இதை ஜெர்மனியின் ஹெர்பர்ட் யுங்ஹன்ஸ் 1930இல் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். இங்கே அறுவை பலன் தருகிறது. நெருக்கத்தை நீக்கினால் போதுமா, ஆணியும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒட்டவும் வேண்டுமா என்ற கேள்விக்கு 2016இல் ஸ்வீடனிலிருந்து 247 பேரை வைத்து ஒரு பதில் வந்தது: இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது ஒட்டியவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

பெரும்பான்மையோருக்கு அறுவையும் தேவையில்லை, படுக்கையும் தேவையில்லை. லிவர்பூல் தாமஸின் ஓய்வு 1986இல் பலமாக ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ, இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே மாதிரி குணமாவதையும், குறைவாகப் படுத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவதையும் காட்டினார். 1995இல் ஹெல்சிங்கி மாநகரப் பணியாளர்களிடம் நடந்த சோதனை இன்னும் ஒரு படி போயிற்று. படுத்தவர்களைவிடவும் தனிப்பயிற்சி செய்தவர்களைவிடவும் வழக்கமான வேலைகளைத் தாங்கிய அளவுக்குத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். இது திடீர் வலிக்கான முடிவு. நாட்பட்ட வலிக்குப் பயிற்சி தேவைப்படுகிறது; எந்தப் பயிற்சி என்பதில் நெடுநாள் பிணக்கு இருந்தது. 1937இல் பால் வில்லியம்ஸ் முதுகைக் குனியவைக்கும் பயிற்சிகளைத் தந்தார். நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி 1950களிலிருந்து பின்னால் வளைவதை வளர்த்தெடுத்தார். ஃபேசட் மூட்டு நோகும் பலருக்குப் பின்னால் வளைவது கடினம், குனிவது இதம். நரம்பை டிஸ்க் அழுத்துபவருக்குப் பெரும்பாலும் தலைகீழ். ஒரே பயிற்சித் தாளை எல்லோருக்கும் கொடுப்பது அதனால்தான் பயன் தருவதில்லை.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடும் வழக்கம் கார்ட்டிசோனின் வியப்பிலிருந்து பிறந்தது. மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் 1948இல் அதை ருமட்டாய்டு நோயாளிக்குக் கொடுத்து, 1950இல் நோபல் பரிசு பெற்றார். அது அழற்சி நோய்க்கான மருந்து. தேய்மானத்தில் அழற்சியின் பங்கு குறைவு. 1991இல் சிமோன் கரேத் கனடாவில் ஃபேசட் மூட்டுக்குள் ஸ்டீராய்டையும் வெறும் உப்புநீரையும் ஒப்பிட்டபோது ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நரம்பைப் பொசுக்கும் முறையின் நிலை இன்னும் சிக்கலானது. முறையாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஓராண்டு நிம்மதி கிடைத்ததாகச் சிறு ஆய்வுகள் கூறின. 2017இல் நெதர்லாந்தின் 16 வலி மருத்துவ மையங்களில் நடந்த பெரிய சோதனைகளில், பயிற்சியோடு இதையும் சேர்த்தால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்று முடிவானது. ஒரே ஊசியை நம்பி நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததும் சூட்டுமுனையை வைத்த விதமும் தவறு என்று வலி மருத்துவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் போக்டுக், ஷ்வார்ட்சர் ஆகியோரின் பாடங்கள் அப்படியே ஒலித்தன.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2016இல் வழக்கமான ஸ்கேனும் முதுகு ஊசிகளும் வேண்டாம் என்றது; உட்கிளை ஊசியில் வலி அடங்கியவருக்கு மட்டும் நரம்புச் சூட்டைப் பரிசீலிக்க இடம் கொடுத்தது. 2025இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் நாட்பட்ட முதுகுவலிக்கு அதையும் வேண்டாம் என்றது; விவாதம் தொடர்கிறது. இன்று ஒரு நல்ல மருத்துவர் முதலில் எலும்பு முறிவு, புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட தொற்று, சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் போன்ற அவசரக் குறிகள் இல்லை என்று உறுதிசெய்துகொள்கிறார். பிறகு நடை, வலு, எடை, உறக்கம், வேலைசெய்யும் விதம் ஆகியவற்றைக் கவனிக்கிறார். வலி நிவாரணியை வயிறும் சிறுநீரகமும் தாங்கும் அளவுக்குக் குறுகிய காலம் தருகிறார். வெந்நீர் ஒத்தடத்தைத் தடுப்பதில்லை. நரம்புச் சூடுவரை போனவர்களிடம், பொசுக்கிய நரம்பு பல மாதங்களில் மறுபடி வளர்ந்து மூட்டைச் சேர்கிறது. அதோடு வலியும் திரும்பினால் அதே பள்ளத்தில், அதே இணைகோட்டில், மறுபடி சூடு வைக்கிறார்கள்.